முடிச்சு போட ஆள் கூப்பிடுகிறவர்கள்

பகலில் தறி, மாலையில் மைக் செட் என்று இருப்பவர் அவர். எங்கள் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டங்களுக்கு அவர்தான் வருவார். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பென்சில். ஒயரைச் சொருகும்போது பெட்டியைப் பார்க்கவே மாட்டார். முகம் எங்கோ இருக்க, கட்டைவிரல் தடவியே துளையைக் கண்டுபிடிக்கும். அபாரமான தேர்ச்சி என்று வியந்திருக்கிறேன்.

சென்ற மாதம் சிறப்பு விருந்தினராகக் கண் டாக்டர் ஒருவர் வந்தார். முசரவாக்கத்தில் நாங்கள் நடத்தவிருந்த இலவச முகாமுக்கு ஆள் சேர்க்க, நெசவாளர்களையும் அழைத்திருந்தோம். செயலாளரான நான், "கண் மங்கலா இருக்கிறவங்க பேர் கொடுங்க" என்று மூன்று முறை கேட்டேன். நிறைந்த மண்டபத்தில் ஒரு கைகூட எழவில்லை.

மைக் செட்காரர் என்னருகே வந்தார்.

"அப்பிடிக் கேட்டா யாரு சார் சொல்லுவாங்க? கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா மொதலாளி நெய்ய பாவு நூலு குடுக்க மாட்டாருன்னு பயந்துக்கினு இருக்குறாங்க. மைக்க குடுங்க."

வாங்கியவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இழை அறுந்தா முடிச்சு போட ஊட்ல யாரையாச்சும் கூப்புடுறவங்க யாருபா? கை தூக்குங்க!"

சிரிப்பு வெடித்தது. முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அப்புறம் மண்டபம் முழுக்கக் கைகள். டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். விருந்துக்கு வைத்திருந்த கோயில் இட்லி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

பெயர் எழுத நோட்டைத் திறந்த நான், முதல் பெயருக்காக நிமிர்ந்தேன். மைக் பிடித்த கையை அவர் தாழ்த்தியிருந்தார். துளை தேடும் அந்தக் கட்டைவிரலோடு அவருடைய இன்னொரு கை, எல்லோர் கையையும்விட உயரமாக நின்றது.