வாரத்துக்கு ஒரு விமானம்

கல்யாணமாகி ஏழாவது மாதம் என் கணவர் பாப்புவா நியூகினிக்குப் போனார். எண்பதுகளின் நடுவில் அது. அதுவரை பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டமொன்றின் எண்ணெய் ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவரை, அங்கே புதிதாகத் திறந்த செம்பனை எண்ணெய் ஆலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று வருட ஒப்பந்தம், வருடத்துக்கு நான்கு வாரம் லீவு. நான் கோலா சிலாங்கூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆலைக்காரர்கள் கொடுத்த டிக்கெட் சிங்கப்பூர் வரைதான். சிங்கப்பூரிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு வருவதும் திரும்பிப் போவதும் எங்கள் பாடு. இரண்டும் வேறு வேறு டிக்கெட், வேறு வேறு கம்பெனி. ஒன்று தாமதமானால் மற்றது காத்திருக்காது. சிங்கப்பூரில் இறங்கி, குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். பாப்புவா நியூகினித் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு அவர் ஏறும் விமானமோ வாரத்துக்கு ஒன்றுதான்.

முதல் லீவு முடிந்து அவர் திரும்ப வேண்டிய டிக்கெட்டை வாங்கும் வேலை என்னுடையது. கிள்ளானில் டிக்கெட் கடைக்காரர் இரண்டு நேரம் சொன்னார். மதியம் பன்னிரண்டு மணி விமானம், இல்லையென்றால் மூன்று மணி விமானம். போர்ட் மோர்ஸ்பி விமானம் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவது மாலை ஆறரைக்கு. பன்னிரண்டு மணிக்கென்றால் அவர் காலை எட்டுக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று மணிக்கென்றால் பதினொன்று வரை இருப்பார்.

நான் மூன்று மணி டிக்கெட்டை வாங்கினேன்.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இன்சூரன்சும் எடுத்திருந்தேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பஸ் ஸ்டேஷனுக்கு எதிரே கடை மாடியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தார். விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த டிக்கெட்டுக்கும் தங்கும் செலவுக்கும் பணம் கொடுப்பார்கள் என்று விளக்கிவிட்டு, இன்னொன்றும் சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் கூடுதல் மூன்று மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் தேங்காய் துருவிக் கொடுத்தார். நான் கெம்போங் மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் சிமெண்டுத் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, வாடகை டெக்சி வந்து ஹாரன் அடிக்கும் வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுபாங்கில் அவர் உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வழியனுப்ப வந்தவர்கள் நிற்குமிடத்தில் நின்றேன். விமானம் அசையவேயில்லை. மூன்றரை ஆனது, நான்கானது. பக்கத்தில் நின்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்குள் மட்டும் ஒரு சந்தோஷம் மெல்ல ஊறியது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அது கிளம்பும்போது ஐந்தாகப் பத்து நிமிடம்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஆபீஸ் வாசலில் பெட்டியோடு நின்றார். சட்டையெல்லாம் கசங்கி, கண் சிவந்திருந்தது.

“பிளேன் போயிருச்சி லா,” என்றார். “பெட்டிய எடுத்துட்டு ஓடுனேன், கவுண்டர மூடிட்டானுங்க. பஸ் புடிச்சி வரேன். இனிமே அடுத்த வாரந்தான்.”

நான் சிரித்துவிட்டேன். வக்கீல் ஐயா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போம்மா,” என்றார்.

என் கணவர் முதல் வேலையாகத் தபால் நிலையம் போய் ஆலை மேனேஜருக்குத் தந்தி கொடுத்தார். இரண்டு நாள் பதில் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஆனாலும் தினமும் நாலரைக்கு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஒருநாள் நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு சுங்கை புரோங் பக்கம் போனோம். நெல் முற்றிக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்துக் கடையில் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் வாங்கித் தின்றோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் ‘ம்’ போட்டுக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் மேனேஜரின் தந்தி வந்தது. வேலை இருக்கிறது, ஆனால் இந்த ஒரு வாரத்தை அடுத்த வருட லீவில் கழித்துக்கொள்வார்களாம்.

மறுநாள் இன்சூரன்ஸ் பணம் கேட்கப் போனோம். கிராணி ஐயா இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“குடுக்க மாட்டான், தம்பி. ஒன்னு எறங்குறதுக்கும் இன்னொன்னு ஏறுறதுக்கும் நடுவுல நாலு மணி நேரமாச்சும் இருக்கணும். இதுல மூணுகூட இல்லையே.” என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கே சொன்னேனேம்மா, பன்னெண்டு மணி பிளேன எடுன்னு?”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படியிறங்கி, மார்க்கெட்டைத் தாண்டி நடந்தோம். ஆற்றோரம் வந்ததும் அவர் நின்றார்.

“தெரிஞ்சிதான் எடுத்தியா?”

“ஆமா.”

“ஏன்?”

“நீங்க பதினோரு மணி வரைக்கும் வீட்ல இருப்பீங்கன்னுதான்.”

“எனக்கு வேல போயிருந்தா?”

“யோசிக்கலங்க.”

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் படகொன்று கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். “அடுத்த வருசம் மூணு வாரந்தான் நமக்கு,” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் எட்டு மணிக்குக் கிளம்பினார். டிக்கெட்டை அவரே போய் எடுத்திருந்தார்.

பிறகு வந்த பதினொரு மாதமும் எனக்கு நீளமாகத்தான் போனது. கடிதம் வர மூன்று வாரம் ஆகும். மன்னித்தாரா என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் தேடினேன். ஆலை பாய்லர், மழை, கொசு என்றுதான் எழுதியிருந்தார்.

அடுத்த லீவு மூன்றே வாரத்தில் முடிந்தது. இந்த முறை அவர் எடுத்தது காலை ஒன்பது மணி விமானம். விடிவதற்கு முன்பே போய்விட்டார். என் சட்டைப் பொத்தானைத் தப்பு ஓட்டையில் போட்டிருந்ததை ஆபீசில் யாரோ சொல்லித்தான் கவனித்தேன். பதினொன்று இருக்கும், வக்கீல் ஐயா தன் அறையிலிருந்து கூப்பிட்டார். போன் எனக்காம்.

“நான்தான்,” என்றார் அவர். “சிங்கப்பூர்ல எறங்கிட்டேன். பிளேனுக்கு இன்னும் ஏழு மணி நேரம் கெடக்கு. சும்மா ஒக்காந்திருக்கேன்.”

“சாப்டீங்களா?” என்றேன்.

“இல்ல. நீ?”

காசு தீர்ந்து போன் அறுந்தது. மேசைக்குத் திரும்பி அரைப் பக்கம் அடித்திருக்க மாட்டேன், மறுபடி கூப்பிட்டார். அன்று ஐந்து முறை பேசினார். மூன்றாவது முறை வந்தபோது வக்கீல் ஐயா எழுந்து, கோப்பிக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அங்கே பின்னால் ஏதேதோ ஊர்களின் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் என்ன பேசினார் என்பது முக்கால்வாசி மறந்துவிட்டது. தேங்காய் துருவுகிற பலகையின் ஒரு கால் ஆடுகிறது, அடுத்த தடவை வந்து ஆணி அடிக்கிறேன் என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.