துவக்கில் வெட்டிய மல்லிகைக் கொடி

எண்பத்தைந்தாம் ஆண்டு கனடாவில், ரெக்ஸ்டேலில் ஒரு கடையின் பின்னறையில் எனக்கு வேலை. பழைய வேட்டைத் துப்பாக்கிகளை, எங்கள் பேச்சில் துவக்குகளை, சேர்த்து வைக்கிறவர்கள் அவற்றில் பெயரும் பூவும் வெட்டக் கொடுப்பார்கள். ஊரில் காப்புக்குப் பூ வெட்டிய கை. பொன் இளகிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளுடைய தம்பி துவக்குச் சூடு பட்டுச் செத்த பிறகுதான் கனடா வந்தோம். துவக்கு என்ற சொல்லே வீட்டில் இல்லை. வெள்ளித் தட்டுகளுக்குப் பூ வெட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வெட்டியதைப் படி எடுத்து வைப்பது என் பழக்கம். மெழுகுதிரிக் கரியை வெட்டின் மேல் படியவிட்டு, டேப் ஒட்டி உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டினால் பூ அப்படியே விழும். அப்படி ஒரு தாள் குளிர்கோட்டுப் பையில் இருந்தது. அவள் கண்டுவிட்டாள்.

“உது தட்டுக்கு வெட்டினதோ?”

“ஓம்.”

“ஆருக்கு?”

“ஒரு கிழவருக்கு.”

“கிழவர் தட்டிலை சாப்பிடுறாரோ, கையிலை போடுறாரோ? உது என்ரை காப்புக் கொடியெல்லோ.”

பார்த்தேன். கலியாணத்துக்கு அவளுக்கு வெட்டிய அதே மல்லிகைக் கொடி. கை தன்பாட்டில் வெட்டியிருக்கிறது. காப்பில் கொடி சுற்றி வந்து தன்னோடு சேரும். துவக்கின் பக்கத் தகட்டில் சேர இடமில்லை. ஓரத்தில் அறுந்து நின்றது.

அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள். “தட்டெண்டால் வட்டம். இதேன் அறுந்து நிக்குது?”

“துவக்கு,” என்றேன்.

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் சாப்பாடு கட்டித் தந்தாள். என்னோடு இருந்து சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், வேலையை விடுகிறேன் என்றேன்.

“உந்தத் துவக்கு சுடுமோ?”

“இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள்ளை இருக்கும். அந்த மனிசன்ரை தகப்பன்ரை துவக்கு. ஞாபகத்துக்கு வைச்சிருக்கிறார்.”

தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பென்சில் எடுத்து அறுந்த நுனியில் சின்னதாய் ஒன்று கீறினாள்.

“மொட்டு வையுங்கோ. என்ரை கொடியை அறுத்து விடாதேங்கோ.”

அடுத்த நாள் வெட்டினேன். கிழவர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். மொட்டில் விரல் நின்றது.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அவள் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்தாள்.

“கை எண்ணெய் மணக்குது. கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்.”