கூட்டிச் சொன்ன மூன்று வயது

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். பிறர் எழுதிய காகிதங்களை அடுக்கி வைத்தே காலம் கழித்துவிட்டேன். இந்த வயதில் சொந்தமாக எழுத உட்கார்ந்ததற்குக் கூச்சமாக இருக்கிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் ரிகார்டு கிளார்க்காக இருந்தேன். எங்களுக்கெல்லாம் வயதும் வேலை விவரமும் பதிகிற சர்வீஸ் புத்தகம் புதிதாகப் போடத் திருச்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வயது குறைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தலைமை எழுத்தர் மெல்லத் திரும்பினார்.

"தம்பி, வயசக் கூட்டிச் சொல்லிருங்க. பென்சனுக்குப் பக்கத்துல இருக்குறவன அனுப்ப மாட்டாங்க."

"பொய்யில்லையாண்ணே?"

"நானே இப்பத்தான் நாலு வயசு கூடிக் கெழவனாகி நிக்கிறேன். சர்டிபிகேட் கேட்டா கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லுங்க."

அன்று ஒரே காலையில் எங்கள் அலுவலகமே கிழடு தட்டிப் போயிற்று. எத்தனை வீட்டுக் கரையான்கள் மேல் பழி விழுந்ததோ! நானும் மூன்று வயது கூட்டினேன். கடைசியில் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அதன்பிறகு வந்தவை நல்ல வருஷங்கள். கந்தர்வகோட்டைப் பக்கம் என் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த முந்திரிக் காடு கொஞ்சம் இருந்தது. ஓய்வு பெற்றதும் அங்கே இரண்டு அறை வைத்து வீடு கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம். கோடைக்குக் கோடை கொஞ்சம் செங்கல் வாங்கி, பனையோலை போட்டு மூடி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கியதும் அவள் சுண்ணாம்புப் பொடியால் தரையில் அறைகளைக் கோடு போடுவாள். அடுப்படி என்று போட்ட கட்டத்துக்குள் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு சாப்பிடுவோம். மழை வந்து கோடு அழிந்துவிடும். அடுத்த முறை மறுபடி போடுவாள். ஒவ்வொரு தடவையும் அடுப்படி மட்டும் கொஞ்சம் பெரிதாகும்.

அறுபதுகளின் நடுவில், ஓய்வு பெறுவோர் பட்டியலில் என் பெயரும் வந்தது. எனக்கு உண்மையில் ஐம்பத்திரண்டு வயது. புத்தகத்தில் ஐம்பத்தைந்து, அப்போதைய ஓய்வு வயது. எங்கள் ஒரே மகள் அப்போதுதான் ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருஷ விடுதிச் செலவுக்கு என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தோம். மனைவியிடம் முதன்முறையாக அந்த மூன்று வயதைச் சொன்னேன்.

"எல்லாரும் வயசக் கொறச்சுச் சொல்லுவாக. கூட்டிச் சொன்ன மகராசன் நீங்கதான்!" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "ஜாதகம் இருக்குல்ல? எடுத்துக்கிட்டுப் போயி அதிகாரிக்கிட்டச் சொல்லுங்க. புள்ள படிப்பு நின்னுறக் கூடாது."

என் புத்தகம் என் பொறுப்பில் இருந்த அலமாரியிலேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், எல்லோரும் போன பிறகு, அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேஜையில் பிளேடும் இருந்தது. சுரண்டித் திருத்திய புத்தகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் காகிதம் பஞ்சாகி, மை ஊறி, திருட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி முன்னால் ஜாதகத்தோடு நின்றேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

"நீங்க பொய் சொன்னது அப்பவா, இப்பவாங்க?" என்று கேட்டார்.

"அப்பங்க."

"எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன்."

இத்தனை வருஷம் கழித்துத் திருத்த இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

கடைசி நாளன்று மாலை போட்டு, ஒரு குடையும் கொடுத்து, சக ஊழியர்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிய பிறகு, மனைவி மாலையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"நம்ம வீடு எங்கயும் போயிறாது. காடு அங்கனதான கெடக்கு," என்றாள். "செங்கல விக்க ஆள் பாத்துட்டேன். புள்ள விடுதிக்கு ஆகும்."

"அடுப்படி?"

"இந்த அடுப்படியே போதும்."

மறுநாள் காலையில் நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கியதும், காட்டுக்கு இரண்டு மாட்டு வண்டிகள் வந்தன. மதியத்துக்குள் செங்கலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.