மிஸ்ரியா போட்ட வரிசை

எனக்கு ஆளைக் கண்டு அசந்து போகிற பழக்கம் கிடையாது. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் இருபத்தாறு வருஷமாக எண்ணெய் தேய்க்கிறேன். தாசில்தார் முதுகும் பார்த்தாச்சு, லாரி டிரைவர் முதுகும் பார்த்தாச்சு. எண்ணெய் விட்டால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் பரீது பாய் மகள் மிஸ்ரியாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துப் போகிறது.

பரீது பாய் தென்காசியில் ஆட்டோ ஓட்டுகிறவர். சீசனில் ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து எங்கள் கொட்டகை முன்னால் இறக்கிவிடுவார். மிஸ்ரியா அவருக்கு மூன்றாவது பெண். பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்பிரிவில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் உம்மா ஹஸீபா வீட்டில் பீடி சுற்றுகிறார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டருக்கு எழுத வேண்டியதையெல்லாம் இந்தப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளும். நான் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்தும் அடைப்புக்குறியும். ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை.

போன ஜூலையில் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நாள் வேலை பழக அனுப்பினார்கள். மேலகரத்தில் ஜஸ்டின் சார் என்பவர் ஒரு மாடியில் மூன்று கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு லாட்ஜுக்கும் ஜவுளிக்கடைக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறார். அவரிடம் ஆறு பிள்ளைகள் போனார்கள். அவர் முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு தொழில்காரரைப் பிடித்து, அவர்களுக்கு உதவுகிற மாதிரி ஒரு வெப் பக்கம் செய்ய வேண்டும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க, பிள்ளைகள் கை வைக்காமல், அந்தத் தொழில்காரர்களே அதை ஓட்டிக் காட்ட வேண்டும். யாருடையது நன்றாக ஓடுகிறதோ அந்த ஒரு பிள்ளைக்கு, ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் தன் கடையில் ஒரு கம்ப்யூட்டர்.

மிஸ்ரியாவுக்கு அது வேண்டும். வேறு வழியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்காது.

அப்பனும் மகளும் வந்து நின்றார்கள். நான் முறைத்தேன்.

"எண்ணெய் தேய்க்குததுக்கு என்னத்துக்குவே வெப்சைட்டு?"

"உமக்கு வேண்டாம்னா போவட்டும். எம்மவ கேக்குததுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றார் பரீது பாய்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணாச்சி, இங்கன தினமும் எதுக்குச் சண்டை வருது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டை வருகிறது என்று யார் சொன்னது இவளிடம்? வரத்தான் செய்கிறது. நாங்கள் ஏழு பேர் தேய்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் நிற்பான். லாட்ஜ் மேனேஜர் ஆள் அனுப்புவார், போலீஸ்காரர் மச்சினன் வருவார், எல்லாரையும் நடுவில் சொருகுவோம். அரை மணி நேரம் துண்டோடு நின்றவன் சும்மா இருப்பானா?

"வரிசைதான் பிள்ள பிரச்சனை" என்றேன்.

கொட்டகையில் ஆம்பிளைகள் துண்டோடு நிற்கிற இடம். தார்ப்பாய் மறைப்பு இருந்தாலும் அவள் அங்கே வரமுடியாது. எதிரில் குருவம்மாளின் சிப்ஸ் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காலையில் இரண்டு மணி நேரம் அங்கே, பிறகு மேலகரம். ஆறு பிள்ளைகளுக்கு மூன்று கம்ப்யூட்டர். முறை வைத்துத்தான் உட்கார வேண்டும். மீதி நேரமெல்லாம் நோட்டு.

ஏழாம் நாள் வியாழக்கிழமை பக்கம் தயாராகிவிட்டது. வருகிறவர் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் போட வேண்டும். முறை வரும்போது அவர் போனுக்குச் செய்தி போகும். எனக்கும் ஒரு பழைய போனைக் கொடுத்தாள். ஒருவருக்குத் தேய்த்து முடித்ததும் 'அடுத்து' என்ற இடத்தை அமுக்க வேண்டும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மேலே அருவிப் படம்கூட.

பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். நான் அமுக்கினேன். ஒருத்தனும் வரவில்லை.

எப்படி வருவான்? அருவிக்குப் போகிறவன் எவனாவது போனைக் கையில் வைத்திருப்பானா? பெயர் கொடுத்த கையோடு போனைப் பெண்டாட்டி பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அடுத்த நிமிஷம் ஒரு அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்கள் முறை வந்துவிட்டது, உடனே வரவும்னு எங்க வீட்டுக்காரருக்கு அனுப்புதது எவ?"

குருவம்மாள் கடைக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ வேற, அது எண்ணெய் தேய்க்க தாயி!"

அதோடு போயிற்றா? என் கை எண்ணெயில் முக்கியெடுத்த கை. 'அடுத்து' என்பதில் வைத்த விரல் வழுக்கிப் பக்கத்தில் இருந்த 'அழி' என்பதில் விழுந்தது. இருந்த பெயரும் போச்சு. வரிசையே இல்லை. கோவில்பட்டிக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். நான் சட்டை போடாததால் தப்பித்தேன்.

"அழுதுருவா பாரும்" என்றாள் குருவம்மாள்.

அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த நோட்டின் பாதியைப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு போட்டுத் தள்ளினாள். ஏழு நாள் வேலை.

"ஏ பிள்ள, அதுல நல்லது கொஞ்சம் இருக்கும்லா? அதையாவது வச்சுக்கிட வேண்டியதுதான?"

"அது ஆபீஸ்ல உக்காந்திருக்கவங்களுக்குச் செஞ்சது அண்ணாச்சி. இங்க நிக்கிறவங்களுக்கு இல்ல."

பிறகு கேட்டாள்: "ஆள் வந்ததும் நீங்க பேரு கேக்கீங்களா?"

"பேரா? பேரெல்லாம் எவன் கேப்பான். எந்த ஊருன்னு கேப்போம்."

"நானும் ஏழு நாளாப் பாக்கேன். ஏழு பேருமே அதான் கேக்கீங்க" என்றாள். "என் பக்கத்துல பேரு கேட்டேன், வயசு கேட்டேன், அது மட்டும் கேக்கவே இல்ல."

எனக்கு அப்படியே மயிர்க்கால் எழுந்து நின்றது. இருபத்தாறு வருஷமாக நான் என்ன கேட்கிறேன் என்பது எனக்கே தெரியாது. எதிர்க்கடையில் இருந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் அவள் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாப்பாவுடன் வந்து இறங்கினாள். சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. குருவம்மாள் கடையில் ஏற்கெனவே ஒரு டிவி உண்டு. அதில் எதையோ சொருகினாள். திரையில் பெரிய எழுத்தில் நம்பரும் ஊரும் வந்தன. அவ்வளவுதான். அருவிப் படம் இல்லை. குருவம்மாள் கையில் ஒரு போன். அதில் ஊர்ப் பெயர்கள் மட்டும். வருகிறவன் ஊரைச் சொன்னால் அந்தப் பெயரைத் தொட வேண்டும், நம்பர் தானாக விழும். ஊர் பட்டியலில் இல்லையென்றால் 'வேறு ஊர்'. எனக்குக் கொடுத்த போனைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு, ஏழு பேருக்கும் எட்டுகிற மாதிரி கொட்டகைத் தூணில் கட்டச் சொன்னாள். அதன் திரை முழுக்க ஒரே பச்சை.

"இதுல எங்க அமுக்க?"

"எங்க வேணும்னாலும். புறங்கையால தட்டுங்க. கை வழுக்கி ரெண்டு தடவை பட்டாலும் ஒண்ணாத்தான் எடுத்துக்கிடும்."

சொல்லிவிட்டு, தொடக்கூடாது என்பதற்காக இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தட்டினேன். எதிர்க்கடை டிவியில் '2, சங்கரன்கோவில்' என்று வந்தது. சிப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒருத்தர் பொட்டலத்தோடு எழுந்து வந்தார். இன்னொரு தட்டு, ராஜபாளையம் வந்தது. சிவகாசி வந்தது, புளியங்குடி வந்தது. ஊர் ஊராக வந்து குப்புறப் படுத்துக்கொண்டே இருந்தது. எட்டு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. கூட்டம் அப்படியே இருக்கிறது, சத்தத்தைக் காணோம். அருவி விழுகிற சத்தம் கொட்டகைக்குள் கேட்கிறது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அதை நான் கேட்டதே இல்லை. தேய்த்த கையை நிறுத்திவிட்டு நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?" என்றார் கீழே படுத்திருந்த புளியங்குடி.

ஒன்பதரைக்கு ஜஸ்டின் சார் வந்தார். இடுப்பில் துண்டு. குருவம்மாள் ஊர் கேட்டு மேலகரத்தைத் தொட்டாள். அறுபத்தெட்டாம் நம்பர். ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தொன்று. அவர் தார்ப்பாயை விலக்கி என்னிடம் வந்தார்.

"மத்த அஞ்சு பிள்ளைங்க வேலையையும் பாத்தாச்சு. மேலகரத்துல ஆள் காத்துக்கிட்டு இருக்கு. கொஞ்சம் முன்னால விடுங்களேன்."

எனக்குக் கை ஓடவில்லை. கம்ப்யூட்டர் இந்த மனுஷன் கையில். இவரைப் போய் நிற்க வைப்பதா? நேரே எதிர்க்கடைக்கு ஓடினேன்.

"ஏ பிள்ள, ஒங்க சாரு நிக்காரு. முன்னால போட்டு விடு."

"அதுல முன்னால போடுததுக்கு வழி கிடையாது அண்ணாச்சி."

"இருக்கும் பாரு. ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும். நாந்தான் வைக்கல."

"ஏட்டி, ஒன் சனிக்கிழமை போயிரும்டி!"

அவள் முகம் சிறுத்துவிட்டது. கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "வழி வச்சா, லாட்ஜ்காரங்களும் அதே வழியாத்தான வருவாங்க" என்றாள்.

அதற்குள் கோவில்பட்டி ஒன்று கத்தியது: "யோவ் மேலகரம், இங்க வந்து நில்லும்! டிவியில ஒம்ம ஊரு வரட்டும்!" கூட்டமே சிரித்தது. ஜஸ்டின் சார் முகம் செத்துப் போய், சிப்ஸ் கடை முன்னால் சாரலில் நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். எனக்கு ஒவ்வொரு தட்டும் அந்தப் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போடுவது மாதிரி இருந்தது.

அறுபத்தெட்டு வந்தது. என் பலகையில்தான் படுத்தார். நான் எண்ணெயை ஊற்றினேன்.

"நான் கேட்டப்ப அவ என்ன சொன்னா?" என்றார்.

மறைக்க முடியுமா? சொன்னதை அப்படியே சொன்னேன். கன்னத்தைப் பலகையில் வைத்தபடியே அவர் சிரித்தார். முதுகு குலுங்கியது.

"நானா இருந்தா வழி வச்சிருப்பேன்" என்றார். "எந்திச்சதும் நானே அவகிட்ட சொல்லுதேன்."

எண்ணெய் வடிய எழுந்து, தார்ப்பாய்க்கு வெளியே தலையை மட்டும் நீட்டினார். "மிஸ்ரியா, சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துரு."

பரீது பாய் ஆட்டோ ஹாரனை இரண்டு தடவை அடித்தார். மிஸ்ரியா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் அப்போதுதான் கட்டிய கையை அவிழ்த்தாள். விரல்கள் வெளுத்துக் கிடந்தன.

"சார், எனக்கு ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டர் வேணும்" என்றாள். "அதுல மட்டுந்தான் எல்லாப் பட்டனும் வேலை செய்யுது."