ஓர் எழுத்து குறைந்த லைசன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் பேனாவை நிறுத்தி யோசித்துத்தான் எழுதுகிறேன். படிப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று, என் எழுத்துப் பிழையால் இதுவரை ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை.

எழுத உட்கார்ந்தது டிவி லைசனைப் பற்றி. வீட்டில் டிவி வைத்திருந்தால் அதற்கு வருடா வருடம் அரசாங்கத்துக்குக் காசு கட்ட வேண்டும்.

கண்டி டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை நிறுக்கிறவன் நான். வீடு மஹியாவையில், படிக்கட்டுகளுக்கு மேலே இரண்டு அறை. மூங்கிலில் கட்டிய அண்டெனா கீழே ரோட்டிலிருந்தே தெரியும். போன மாதம் அதைப் பார்த்துக்கொண்டு ஓர் இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். அதிகாரிகள் யார் வந்தாலும் நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். அது என் சுபாவம். பேசுவது மனைவிதான். "வாங்க மாத்தயா, உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். லைசன் எங்கே என்று கேட்டார். இரண்டு வருடமாகக் கட்டவில்லை. அவர் சத்தம் போடவில்லை. என் அடையாள அட்டையை வாங்கி, பதினான்கு நாளுக்குள் தபால் கந்தோரில் கட்ட வேண்டும் என்று ஒரு துண்டு எழுதினார். எழுதியதை வாய்விட்டு வாசித்தார். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு என் பெயர் பிழையாகக் கேட்டது.

என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் வரும். அதில் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் அது ஒரு பெண்ணின் பெயராகிவிடும். அவர் விட்டிருந்தார்.

அந்த எழுத்து எங்கள் வீட்டில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அப்பா மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஆலையில் வேலை செய்தார். ஒரு ரேடியோ வைத்திருந்தார். வருடம் தவறாமல் தபால் கந்தோருக்குப் போய் ரேடியோ லைசன் கட்டினார். தாள்களை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்த காலம். அப்பாவும் விண்ணப்பித்தபோது, இத்தனை வருடமும் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று காட்டச் சொன்னார்கள். தோட்டம் கை மாறியதில் வேலையாட்களின் பெயர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் காணாமல் போயிருந்தன. அப்பா அந்தத் துணிமூட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த தாள், இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் நினைப்பு.

எல்லாத் தாளிலும் அந்தக் கடைசி எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"இது பொம்பிளைப் பேரெல்லே. உம்மட பெண்சாதியோ றேடியோ கேட்டவ?"

அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடியானது. அவர் கடைசிவரை ஓட்டுப் போட்டதில்லை. அதற்குப் பிறகும் வருடா வருடம் ரேடியோ லைசன் மட்டும் கட்டினார். கட்டும்போது உள்நாட்டுக்காரர், கேட்கும்போது வெளிநாட்டுக்காரர். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்பாவுக்காக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ரேடியோ வாங்கிய காசுக்குப் பேசியது. பாட்டும் செய்தியுமாக மாலை நேரமெல்லாம் தமிழ் கேட்டது. இப்போதைய டிவி என்ன தருகிறது? தமிழ்ச் செய்தி கொஞ்ச நேரம். கிரிக்கெட் இழுத்துக்கொண்டு போனால் முதலில் வெட்டுவது அதைத்தான். போன மழையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. டிவிக்கு அடியில் ஒரு வரி ஓடியது: "மன்சரிவு எச்சரிகை". இரண்டு சொல், இரண்டு பிழை. எந்த ஊர் என்று படிப்பதற்குள் வரி ஓடிவிட்டது. சிங்களத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள். எங்களுக்குச் சிங்களம் கடைத்தெருப் பேச்சு அளவுக்குத்தான். மனைவி பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் ஓடிப்போய் எந்த மலை என்று கேட்டு வந்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் கண்டுபிடிக்கிற பிழையைச் சம்பளம் வாங்குகிறவர்கள் பார்க்க மாட்டார்களா? ஆனால் லைசன் இல்லாதவர்களுக்கு எதிராகச் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்ற அறிவித்தல் மட்டும் நல்ல தமிழில், ஒரு புள்ளி பிசகாமல் வருகிறது.

தண்ணீருக்குக் கட்டுகிறோம், குழாயில் வருகிறது. கால் மணி நேரம் திறந்துவிட்டு நாள் முழுக்கத் தந்ததாகக் காசு கேட்டால் யார் கட்டுவார்கள்?

இதையெல்லாம் அந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "மாத்தயா, பேரு பிழை" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மனைவி என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "எல்லாம் ஒண்ணுதானே. சல்லி கட்டினா சரி" என்றார்.

"ஒண்ணு இல்லீங்க. அது எங்க அப்பா."

துண்டு எழுதியாகிவிட்டது, தபால் கந்தோரில் சொல்லித் திருத்திக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கடையில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் துண்டில் இருந்தபடியே லைசனை எழுதிவிட்டாள். அடையாள அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். கிழித்தால் கணக்கு எழுத வேண்டும், ஓர் எழுத்துதானே என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "நகருங்க அண்ணே, எங்களுக்கும் வேலை இருக்கு" என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார். காதெல்லாம் சூடேறியது. ஆனால் நகரவில்லை. திட்டிக்கொண்டே அதை ரத்துச் செய்து புதிதாக எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தேன்.

அதை அலுமாரியில், அப்பாவின் துணிமூட்டைக்குள் வைத்திருக்கிறேன். அத்தனை தாளில் அவர் பெயர் சரியாக இருப்பது அது ஒன்றுதான். கட்டியது டிவிக்காக இல்லை.

அடுத்த வருடமும் கட்டுவீங்களா என்று மனைவி கேட்கிறாள். முதலில் அந்த மண்சரிவு வரியைத் திருத்தட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று சுதந்திர தினம், கடைக்கு விடுமுறை. டிவியில் காலையிலிருந்து அணிவகுப்பு. விளக்கமெல்லாம் சிங்களத்தில் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

1995ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம் நான்காம் திகதி.