திரைக்கு முன்னால் ஹால்வர்

ஓபோ என்னும் குழலை ஊதுபவர் சுருதி கொடுத்ததும் மொத்த இசைக்குழுவும் தன் தந்திகளை அதற்கேற்ப முறுக்கிக்கொள்ளும். வயலினுக்கு அண்ணனான வயோலாக்களின் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஹால்வர் மட்டும் அசையமாட்டார். தலையைச் சாய்த்து, அந்த ஒற்றைச் சுரத்தை உப்புப் பார்ப்பதுபோல் கேட்பார். பிறகு ஓபோக்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அனுமதி வழங்கியாயிற்று. அதற்கப்புறம்தான் தன் வில்லை எடுப்பார். ஓபோக்காரர் பல ஆண்டுகளாக இதைக் கவனிக்காததுபோலவே இருந்து பழகிவிட்டார்.

இந்தக் குழுவை இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவர்கள் கருவாட்டு வியாபாரிகள். வியாழக்கிழமை துறைமுகத்தில் வேலை இராது என்பதால் அன்று மாலை கூடி வாசித்தார்கள். துறைமுகம் இப்போது எல்லா நாளும் இயங்குகிறது. கச்சேரி மட்டும் வியாழனை விட்டு நகரவில்லை. முதல் கச்சேரியில் புல்லாங்குழல்காரர் போதையில் மேடையிலிருந்து விழுந்ததைக் குழுவின் வரலாற்று நூல் ‘தொடக்க காலச் சிரமங்கள்’ என்று தாண்டிப் போகிறது. பின்னாளில் பேர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் வந்து நடத்திவிட்டு, “மோசமில்லை” என்றாராம். அதைப் பித்தளையில் பொறித்து வாசலில் பதித்திருக்கிறார்கள். அவர் மோசமில்லை என்றது வயோலாக்களைத்தான் என்பது ஹால்வரின் கட்சி.

“நம்ம குழுவுக்குன்னு ஒரு ஒலி இருக்குப்பா. உப்புக் காத்தும் பழைய மரமும் சேர்ந்த ஒலி. வேற ஊர்ல கிடைக்காது.”

“கருவாட்டு வாடைன்னு நேரா சொல்லேன்” என்பார் ட்ராம்போன் ஊதும் ஸ்டெய்னார்.

இசை மக்களுக்கே என்று தொழிற்சங்கக் கூட்டத்தில் முழங்குபவர் ஹால்வர்; அந்த மக்களில் ஒருவர் மூன்றாம் வரிசையில் இருமினால் கச்சேரி முடியும்வரை அவரை மன்னிக்கமாட்டார். மேடையில் நின்று குழுவை நடத்த வெளிநாட்டிலிருந்து வரும் நடத்துநர்களைப் பற்றி, “வருவாங்க, கையை வீசுவாங்க, விமானம் ஏறிடுவாங்க. வாசிக்கிறது நாமதானே” என்பார். அப்படி ஒரு நடத்துநர் போகிறபோக்கில் ஒருமுறை வயோலாப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டால், ஹால்வரின் மனைவி ஒரு வாரத்துக்கு வேறு பேச்சுக் கேட்க முடியாது. ஒத்திகையில் இடைவேளை நேரம் வந்துவிட்டால் போதும், பாட்டு எந்தச் சோகத்தின் உச்சியில் நின்றாலும் வில்லை இறக்கிவிட்டு, மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டியைத் தேடிப் போய்விடுவார். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த அந்த ரொட்டிக்கு இருக்கும் உரிமை எந்த இசைமேதைக்கும் இந்த அரங்கில் கிடையாது.

அவருடைய பெரிய சொத்து காது. “ரெண்டே சுரம் வாசிக்கச் சொல்லு. கண்ணை மூடிக்கிட்டு யாருன்னு சொல்லிடுறேன்.” இதை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆகவே இதுவரை தவறியதும் இல்லை.

குழுவில் நிரந்தர இடம் ஒன்று காலியானால் தேர்வு நடக்கும். மேடைக் குறுக்கே கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் வாசிப்பவர் வெறும் எண். ஆணா பெண்ணா என்று காலடிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று எல்லாரும் வெறும் காலுறையோடு மேடையேறுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஊர். யாருக்கும் இது வித்தியாசமாகப் படுவதில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக் கை தூக்குகிற தேர்வுக் குழுவில் ஹால்வர் நிரந்தர உறுப்பினர். திரையைக் கொண்டுவரச் சொல்லிச் சண்டை போட்டவரே அவர்தான். “முகம் பாத்து வேலை குடுக்குறது அசிங்கம்” என்று அப்போது பேசியது சங்கத்தின் இதழில் படத்தோடு வந்தது.

சென்ற நவம்பரில் தேர்வுக்கு வந்தது ஒரு வயோலா இடம். அவருடைய பக்கத்து நாற்காலி.

அந்த நாற்காலியில் இரண்டு ஆண்டுகளாகத் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தவள் இங்குன். அதற்கு முன் வந்தவர்கள் யாரும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியதில்லை. இருவருக்கு ஒரே இசைத்தாள். உள்பக்கம் உட்காருபவர்தான் பக்கம் திருப்ப வேண்டும். ஹால்வருக்கு முந்தித் திருப்பினால் கோபம், பிந்தித் திருப்பினால் பெருமூச்சு. இங்குன் மட்டும் அவர் இமைக்கும் நேரம் பார்த்துத் திருப்பினாள். கடினமான இடம் வருமுன் மூக்கால் ஒரு முறை சுர்ரென்று மூச்சிழுப்பாள். அது ஒன்றுதான் அவளிடம் குறை.

“அந்த உறிஞ்சலை விட்டுரு இங்குன். இசைக்கு நடுவுல எதுக்கு ரயில் எஞ்சின்?”

“விட்டுடுறேன் ஹால்வர். இந்த இடம் மட்டும் கிடைக்கட்டும், மூச்சையே விட்டுடுறேன்.”

சிரித்துக்கொண்டு சொன்னாளே தவிர, அவளுக்கு வேறு வழியில்லை. கிறிஸ்துமஸோடு ஒப்பந்தம் முடிகிறது. கிடைக்காவிட்டால் வடக்கே தன் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழல் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். அங்கே வயோலா கற்றுக்கொள்ள ஆளில்லை.

தேர்வன்று கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு எண்கள். முதலில் இரண்டாம் எண் வாசித்தது. ஹால்வர் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். தாள் திருப்பும் சத்தம்கூட இல்லாமல் அந்த ஒலி வந்து நின்றது. அடுத்தது ஐந்தாம் எண். நன்றாகத்தான் வாசித்தது, கொஞ்சம் அவசரம். ஆனால் கடினமான இடத்துக்குச் சற்று முன், திரைக்குப் பின்னாலிருந்து சுர்ரென்று ஒரு மூச்சு.

ஹால்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கை தூக்கியபோது பாதிப் பேர் இரண்டுக்கு, பாதிப் பேர் ஐந்துக்கு. வயோலாப் பிரிவின் தலைவி ராண்டி இரண்டின் பக்கம்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் ராண்டி. “ரெண்டு எங்கேயோ போயிடுச்சு. நீயே கண்ணை மூடிட்டு உக்காந்திருந்த, நான் பாத்தேன்.”

“அழகுதான். யாரு இல்லைன்னா? ஆனா அது எந்த ஊர்லயும் கிடைக்கிற அழகு. அஞ்சுல நம்ம ஒலி இருக்கு ராண்டி. இருநூறு வருஷத்து ஒலி. அது வெளியிலிருந்து வராது, இங்கேயே உக்காந்து ஊறினாத்தான் வரும்.”

“வயோலா எல்லாம் ஒரே மாதிரிதானே கேக்குது, அதுல ஊறினது ஊறாதது வேறயா?” என்றார் காற்றுக் கருவிகளின் சார்பில் உட்கார்ந்திருந்த ஸ்டெய்னார்.

ஹால்வர் விடவில்லை. கருவாட்டு வியாபாரிகளைக் கூப்பிட்டார், பித்தளைத் தகட்டைக் கூப்பிட்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் ராண்டி சலித்துப்போய்த் தன் கையை ஐந்துக்கு மாற்றித் தூக்கினார்.

திரையை இழுத்தார்கள். காலுறையோடு நின்றிருந்தது கடலுக்கு அப்பால் ரீகா நகரிலிருந்து முந்தின இரவுதான் வந்திறங்கிய ஓர் இளைஞன். மூக்கு சிவந்திருந்தது. நன்றி சொல்வதற்கு முன் கைக்குட்டையைத் தேடினான். நவம்பர் மழையில் இந்த ஊருக்கு வருகிற யாருக்கும் பிடிக்கிற சளிதான். இரண்டாம் எண் யார் என்று அலுவலகப் பெண் சொன்னாள். இரண்டாம் எண் மூக்கால் மூச்சிழுக்கும் பழக்கத்தை எப்படியோ விட்டிருந்தது.

எல்லாரும் போனபிறகு ராண்டி ஹால்வரின் தோளைத் தொட்டார்.

“உன்னைப் பத்தித் தப்பா நினைச்சிருந்தேன்ப்பா. எப்படியாவது அவளை உள்ளே தள்ளப் பாப்பேன்னு. ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்தவளோட வாசிப்பு உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் எதிரா நின்னியே. நேர்மைன்னா அதுதான்.”

ஹால்வர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, “காதுக்குத் துரோகம் பண்ண முடியாது ராண்டி” என்றார்.

உள்ளே பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது விதி. விதியை எல்லாரும் மதித்தார்கள். ஸ்டெய்னார்கூட.

இந்தக் குழுவை விட்டுப் போகிறவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கித் தர வேண்டும். டிசம்பரில் கடைசி ஒத்திகையின் இடைவேளையில் இங்குன் பாதாம் விழுது போர்த்திய பெரிய கேக்கோடு வந்தாள். தானே வெட்டினாள். முதல் துண்டு ஹால்வருக்கு.

“ரொம்பப் பேர் கை தூக்கலைன்னு தெரியும். தூக்கியிருந்தா கிடைச்சிருக்குமே” என்றாள். “ஆனா நீங்க ஒருத்தர் எனக்காகப் பேசியிருப்பீங்க. ரெண்டே சுரத்துல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது போதும் எனக்கு.”

ராண்டி காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். ஸ்டெய்னார் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

ஹால்வர் அந்தத் துண்டை அவசரமில்லாமல் முழுவதும் தின்றார். தட்டில் ஒட்டியிருந்த பாதாம் விழுதையும் கரண்டியால் வழித்தார். பிறகு, “நல்ல கேக்” என்று சொல்லி, தட்டை இன்னொரு துண்டுக்கு நீட்டினார்.