ப்ரைமர் மேல் போட்ட பழி

எங்கள் மாமா வாயைத் திறந்தால் துப்பாக்கிப் பேச்சுதான். உம்மாவின் ஒரே தம்பி, எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், கல்யாணம் ஆகாதவர். அமெரிக்காவில், பேர்லேண்ட் என்ற ஊரில், எங்கள் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தார். கார் நிற்க வேண்டிய கராஜில் பாதியை அவருடைய மேஜை பிடித்துக்கொண்டது. மான் வேட்டைக்குப் போகிற மற்றவர்கள் கடையில் தோட்டா வாங்குவார்கள். மாமா அதைக் கையால் தொட மாட்டார். சுட்டு முடித்த பித்தளைக் குப்பியைச் சுத்தம் செய்து, அடியில் ப்ரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தி, எல்லாம் அவரே செய்தாக வேண்டும். கடைத் தோட்டா என்றால் அவருக்கு ஹோட்டல் சாப்பாடு மாதிரி. வயிறு ரொம்பும், அவ்வளவுதான் என்பார்.

அந்த வருஷம் அமெரிக்கா முழுக்க ப்ரைமருக்குப் பஞ்சம். எலெக்‌ஷன் முடிந்ததிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் புது அரசாங்கம் தடை போட்டுவிடும் என்று பயந்துபோய் வாங்கி வாங்கி அடுக்கிவிட்டார்கள் என்று வாப்பா சொன்னார். ப்ரைமர் என்பது சட்டைப் பித்தானை விடச் சின்ன ஒரு மூடி. துப்பாக்கி ஊசி போய் அதைக் குத்தினால் பொறி பறக்கும், அந்தப் பொறியில் மருந்து பற்றும். அது இல்லாவிட்டால் மாமாவின் மேஜையும் தராசும் வெறும் அலங்காரம். சனிக்கிழமை காலையில் சரக்கு வருகிறது என்று துப்பு கிடைத்தால் கடை திறக்கும் முன்பே போய் வரிசையில் நிற்பார். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று கடைக்காரன் சட்டம் போட்டதும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். பேஸ்பால் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தாடிக்காரர்களுக்கு நடுவில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ ரேஷன் கடையில் நிற்பதுபோல எங்கள் உம்மா நின்றாள். எவனோ குறுக்கே நுழையப் பார்த்தபோது தமிழிலேயே ஒரு அதட்டல் போட்டாள். அவனும் மரியாதையாகப் பின்னால் போய்விட்டான்.

கிடைத்தது மாமா வழக்கமாகப் போடுகிற ரகம் இல்லை. கொஞ்சம் சூடு கூடின மேக்னம் ரகம். வேறு யாராக இருந்தாலும் ப்ரைமர்தானே என்று பழைய கணக்கிலேயே மருந்தைப் போட்டிருப்பார்கள். மாமா விடுவாரா? ப்ரைமர் மாறினால் எல்லாமே மாறும் என்று சொல்லி, மருந்தை நன்றாகக் குறைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். வாராவாரம் துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். சுட்ட குப்பிகளைக் கொண்டுவந்து என்னிடமும் காட்டுவார். ப்ரைமரின் முகம் உருண்டையாகவே இருந்தால் அழுத்தம் சரி, சப்பிப்போயிருந்தால் ஆபத்து. எல்லாம் அழகாக உருண்டையாக இருந்தன. நான்காம் வகுப்புப் பிள்ளையான எனக்கே அது தெரிந்தது.

அந்த வருஷம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் லீவு, அதற்கு மறுநாளே ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாள் பலியான குர்பானிக்கு மான் செல்லாது, அதற்கு ஆடு தனியாக ஏற்பாடு ஆகியிருந்தது. மான், மாமாவின் மார்தட்டலுக்கு. பள்ளிவாசலில் பார்த்தவர்களிடமெல்லாம், பெருநாளைக்கு ராத்திரி நம்ம வீட்டில் மான் பிரியாணி, பிஸ்மில்லா சொல்லிச் சுட்டு நானே அறுத்த மான் என்று முன்கூட்டியே அழைப்பு விட்டுவிட்டார். நம்ம ஆளுங்க ஐடியில் கம்ப்யூட்டர் தட்டத்தான் லாயக்கு என்று ஒரு டாக்டர் அங்கிள் கேலி செய்திருந்தார். மாமாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் நண்பரோடு கிளம்ப வேண்டும். வேட்டைக்கான தோட்டாவை அன்றைக்கு மத்தியானம் செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே கராஜுக்குள் போனவர், விசிலை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"லாத்தா, என் மருந்து பாட்டில் எங்கே?"

எங்கள் ஊர்ப் பக்கம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். உம்மாவுக்கு ஒரே பெருமை. விருந்தாளிகளுக்கு மேஜை போட முந்தின நாள்தான் கராஜை ஒழித்திருந்தாள். அரைப் பாக்கெட் துவரம்பருப்பு இரண்டு இருந்தால் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பதுதானே வழக்கம்? அலமாரியில் கறுப்பு பாட்டில் இரண்டு, இரண்டிலும் பாதிப் பாதி. ஒன்று மான் துப்பாக்கிக்கான நிதானமாக எரிகிற மருந்து, மற்றது புறா சுடுகிற துப்பாக்கிக்கான படக்கென்று எரிகிற மருந்து. அவள் என்னத்தைக் கண்டாள்!

"ரெண்டும் ஒரே கறுப்புப் பொடிதானடா? ஒண்ணாக் கொட்டிக் காபி ஜாடியில வச்சிருக்கேன். கழுவித் துடைச்ச ஜாடிதான்" என்றாள்.

மாமா ஜாடியைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. சட்டென்று சிரித்தார். "நல்லா இருக்கு லாத்தா, இடம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். புல்லில் பொடியை மெல்லிசாகத் தூவித் தண்ணீர் பீய்ச்சினார். அய்யோ, மானுக்கு வைத்த மருந்தாயிற்றே என்று நான் கத்தினேன். இதைப் போட்டுச் சுட்டிருந்தால் துப்பாக்கி என் மூஞ்சியிலேயே வெடித்திருக்கும் என்றார், மெதுவாக, உம்மா இருந்த சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே. பிறகு ஊரில் உள்ள கடைக்கெல்லாம் போன் போட்டார். அதே மருந்து எங்கேயும் இல்லை. வேறு மருந்து என்றால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். கடைத் தோட்டாவும் துடைத்துப்போட்டாற்போல் காலி. கடைசியில் நண்பரைக் கூப்பிட்டு, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

பெருநாள் ராத்திரி வீடு நிறைய ஆட்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் வந்தது ஆட்டு பிரியாணி. டாக்டர் அங்கிள் விடுவாரா? மான் எங்கே, விசா கிடைக்கலையா என்று ஆரம்பித்தார்.

"ப்ரைமர் சொதப்பிடுச்சு டாக்டர். நான்தான் தப்பான ரகமாப் பார்த்து வாங்கிட்டேன்" என்றார் மாமா.

கூடமே சிரித்தது. வருஷம் பூராவும் ப்ரைமர் பாடம் எடுத்தவர் ப்ரைமரிலேயே கோட்டை விட்டார் என்று வாப்பா சொல்ல, இன்னும் பெரிய சிரிப்பு. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தது உம்மாதான். அவன் பேச்சைக் கேட்டு வரிசையில வேற நின்னேனே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும். "பொய்! ப்ரைமர் நல்லாத்தான் இருந்துச்சு! மாமா எனக்குக் காட்டினாங்க!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காபி ஜாடி என்கிற அடுத்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. மாமா பாய்ந்து என் கையைப் பிடித்து, பாருங்க, என் கட்சிக்கு இந்த ஒரு ஓட்டுதான் என்று சொல்லி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்காகத்தானே பேசினேன், ஒரு சபாஷ் சொல்லக்கூடாதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அக்காவை ஒருவர் எதற்காக இத்தனை நிம்மதியோடு பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.